அப்பாவின் ஆஸ்பத்திரித் துண்டில் 'அக்கியூட்' என்று எழுதியிருக்கிறது. கடுமையானது என்று அர்த்தமா?

படுவான்கரைப் பையன் · செவ்வாய், இரவு 9.12

வணக்கம். ஆங்கிலம் நன்கு தெரிந்தவர்களிடமும் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களிடமும் ஒரு சொல்லைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு 58 வயது. வெல்லாவெளிப் பக்கம் எங்கள் வயல் வட்டையில் பெரும்போகத்துக்கு வரம்பு கட்டிக்கொண்டிருந்தவர், ஒருநாள் பின்னேரம் குளிர்காய்ச்சலோடு வாடியில் படுத்துவிட்டார். பனடோல் போட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் கெண்டைக்கால் இரண்டிலும் தொட முடியாத நோவு, கண் சிவந்துவிட்டது, சிறுநீர் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலிக்காய்ச்சல் என்றார்கள். மூன்று தடவை டயாலிசிஸ் செய்தார்கள். பதினாறாம் நாள் துண்டு வெட்டி, அதாவது நோயின் பெயரை எழுதிக் கையில் தந்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது எழுந்து நடக்கிறார், கஞ்சி குடிக்கிறார், சிறுநீரும் போகிறது.

துண்டைத் தரும்போது வாட்டில் பெரிய நெரிசல். இரண்டு கிழமையில் கிளினிக்குக்கு வாருங்கள் என்று சொன்னதோடு டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்துதான் வாசித்தேன். முதல் வரியில் 'லெப்டோஸ்பைரோசிஸ்'. அது எலிக்காய்ச்சல் என்று தெரியும். இரண்டாம் வரியில் 'அக்கியூட் கிட்னி இஞ்சரி'. கைபேசி அகராதியில் அக்கியூட் என்று அடித்தால் 'கடுமையான, தீவிரமான, கூர்மையான' என்று வருகிறது. இஞ்சரி என்றால் காயம். ஆக, கடுமையான சிறுநீரகக் காயம்.

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது என் பிழை. அவர் கேட்ட முதற்கேள்வி, அப்பாவை யார் அடித்தார்கள் என்பது. அடுத்ததாக, வடமத்திய மாகாணத்துப் பதவியா ஊரில் வேலைக்குப் போன இடத்தில் தான் கண்ட ஒரு சிறுநீரக நோயாளியின் கதையைச் சொல்லி அழத் தொடங்கிவிட்டார். பெரியப்பாவோ, கடுமை என்று எழுதிவிட்டார்கள் என்றால் இங்கே இனிச் சரிவராது, இரண்டு ஏக்கரை ஈடு வைத்துக் கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் காட்டுவோம் என்று நிற்கிறார். நாளை மறுதினம் காசு தருகிறவர் காணியைப் பார்க்க வருகிறார். இந்தச் சொல் உண்மையில் என்ன சொல்கிறது?

எதிர்க்காற்று · இரவு 9.31

தம்பி, மனத்தைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்ல எனக்கு வராது. அகராதி சொல்வது சரி. 2022இல் எரிபொருளுக்கும் மருந்துக்கும் நாடு தவித்தபோது ஆங்கிலப் பத்திரிகைகள் தட்டுப்பாட்டுக்கு முன்னால் போட்ட சொல் இதே அக்கியூட்தான். தமிழில் 'கடுமையான தட்டுப்பாடு' என்று எழுதினார்கள். ஒருவரும் பிழை பிடிக்கவில்லை. பெரியப்பா சொல்வதைக் கேளுங்கள்.

மூன்றாம் வருடக்காரி · இரவு 9.38

அண்ணா, காணி பார்க்க வருகிறவரை வரவேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். மீதியைப் பிறகு வாசிக்கலாம்.

எதிர்க்காற்று ஐயா சொல்வது பத்திரிகை ஆங்கிலத்துக்குப் பொருந்தும். துண்டில் இருப்பது வேறு ஆங்கிலம். மருத்துவபீடத்தில் எங்களுக்கு முதலில் படிப்பித்த விடயங்களில் இதுவும் ஒன்று: அக்கியூட் என்ற சொல் நோய் எப்போது தொடங்கியது, எவ்வளவு வேகமாக வந்தது என்பதைச் சொல்கிறது. எவ்வளவு பெரிய நோய் என்பதை அது சொல்வதில்லை. அதன் எதிர்ச்சொல் 'குரோனிக்', அதாவது நாட்பட்ட. கடுமையைச் சொல்ல டொக்டர்மாருக்குத் தனியாகச் சொற்கள் இருக்கின்றன: சிவியர், மொடரேட், மைல்ட். அப்பாவின் துண்டில் அவற்றில் எதுவும் இல்லையே.

தூரம் போகாமல் தடிமனையே எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், பத்தாம் பதிப்பில், சாதாரணத் தடிமனின் பெயர் 'அக்கியூட் நேசோஃபரிஞ்சைடிஸ்'. குறியீடு ஜே00. அதே பட்டியலில் மாரடைப்பின் பெயர் 'அக்கியூட் மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்'. மூக்கு ஒழுகுவதற்கும் மாரடைப்புக்கும் ஒரே அடைமொழி! 'கடுமையான' என்று எடுத்தால் தடிமனுக்கு அந்தப் பட்டம் எப்படிப் பொருந்தும்?

களுவாஞ்சிக் கணக்கு · இரவு 9.55

மருத்துவம் எனக்குத் தெரியாது. கணிதம் படிப்பிக்கிறேன். நாங்கள் கூர்ங்கோணம் என்று சொல்வதை ஆங்கில மொழிமூலப் பிள்ளைகள் அக்கியூட் ஏங்கிள் என்பார்கள். 90 பாகைக்குக் குறைந்தது. சொல்லின் வேர் லத்தீனில்: அக்கூட்டஸ் என்றால் தீட்டிய, கூரான. அக்குஸ் என்றால் ஊசி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதே கோணத்துக்குப் பெயர் குறுங்கோணம். நாங்கள் கூரைப் பார்த்தோம், அவர்கள் குறுகலைப் பார்த்திருக்கிறார்கள். தங்கச்சி சொல்வதைப் பார்த்தால் மருத்துவத்தில் இரண்டுமே இருக்கும்போல் தெரிகிறது. நேரத்தைக் கிடை அச்சிலும் நோயை நிலைக்குத்து அச்சிலும் வைத்து ஒரு வரைபு கீறிப் பாருங்கள். ஊசிபோல எழும்பும் கோடு அக்கியூட். நிலத்தோடு இழுபட்டு மெல்ல மெல்ல ஏறும் கோடு குரோனிக். கோடு எவ்வளவு உயரம் போகிறது என்பது வேறு கேள்வி. சின்ன ஊசியும் இருக்கிறது, கோணி தைக்கும் ஊசியும் இருக்கிறது.

சாய்ந்தமருது காக்கா · இரவு 10.04

இந்தத் துண்டு ஆங்கிலம் என்னையும் ஒரு கிழமை ஆட்டிவைத்தது. வாப்பாவின் துண்டில் 'டினைஸ் அல்கஹோல்' என்று இருந்தது. டினை என்றால் மறுப்பது. இவர் குடிக்கிறவர், கேட்டால் மறுக்கிறார் என்றுதானே விளங்கும்? ஐந்து நேரம் தொழுகிற மனிதர். உம்மாவிடம் சொல்லவும் முடியாமல், துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சண்டை பிடிக்கவும் நினைத்தேன். பிறகு மருமகன் சொன்னார், 'கேட்டோம், இல்லை என்றார்' என்பதைத்தான் அவர்கள் அப்படி எழுதுவார்களாம். நெஞ்சுநோ இல்லை என்றால்கூட நெஞ்சுநோவை மறுக்கிறார் என்றுதான் எழுதுவார்களாம். யார் கண்டுபிடித்த வழக்கமோ!

நெறியாளர் · இரவு 10.10

காக்கா, அந்தக் கதைக்குத் தனி இழை தொடங்குங்கள், நிறையப் பேர் வருவார்கள். இங்கே தம்பியின் கேள்வி அவசரமானது. அக்கியூட்டிலேயே நிற்போம்.

வாவிக்காற்று · இரவு 10.47

31 வருடம் தாதியாக வாட்டில் நின்று ஓய்வு பெற்றவள் நான். மகன், உங்கள் அம்மாவின் கேள்வியை யாரும் பகிடியாக எடுக்க வேண்டாம். இஞ்சரி என்றால் அடிபட்ட காயம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதே நோய்க்கு 'ஃபெயிலியர்' என்று எழுதினார்கள். அதைக் கேட்ட சனங்கள் சிறுநீரகம் செத்துவிட்டது என்று ஒப்பாரி வைத்ததைக் கண்டிருக்கிறேன். 2000க்குப் பிறகுதான் இஞ்சரி என்ற சொல் பரவியது. சிறுநீரகம் முற்றாக நிற்கும்வரை காத்திராமல், கொஞ்சம் குறைந்தாலே கவனிக்க வேண்டும் என்பதற்காக மாற்றினார்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு 'பாதிப்பு' என்றுதான் பொருள்.

அப்பாவுக்கு நடந்தது இதுதான். எலி, மாடு, எருமை இவற்றின் சிறுநீரோடு அந்தக் கிருமி வயல் தண்ணீரில் கலக்கிறது. காலில் இருக்கும் வெடிப்பு, கீறல் வழியாக உடம்புக்குள் போகிறது. இரத்தத்தோடு சிறுநீரகத்துக்குப் போய், அங்கே சிறுநீரை வடிக்கும் நுண்குழாய்களில் தங்குகிறது. காய்ச்சலில் உடம்பில் தண்ணீரும் வற்றிவிடும். இரண்டும் சேரச் சில நாட்களுக்குள் சிறுநீரகம் படுத்துவிடுகிறது. ஆனால் அந்தக் குழாய்களின் உட்சுவர்க் கலங்கள் மறுபடி வளரக்கூடியவை. அதனால் எலிக்காய்ச்சலில் படுத்த சிறுநீரகம் பெரும்பாலும் எழும்பிவிடும். எழும்பும்வரை ஆளைத் தாங்கிப் பிடிக்கத்தான் மூன்று தடவை டயாலிசிஸ்.

அம்மா பதவியாவில் கண்டது வேறு. அது 1990களில் வடமத்திய மாகாணத்தில் வெளிச்சத்துக்கு வந்த நோய், விவசாயிகளையே அதிகம் பிடிப்பது. அம்பாறை மாவட்டத்திலும் தெஹியத்தகண்டிப் பக்கம் உண்டு. அதன் ஆங்கிலப் பெயரிலேயே குரோனிக் இருக்கிறது. வருடக் கணக்கில் சத்தமில்லாமல் சிறுநீரகத்தைத் தழும்பாக்கிக்கொண்டு வரும். ஆளுக்குத் தெரியும்போது பாதிக்கு மேல் போயிருக்கும். தழும்பானது திரும்பி வராது. அந்த நோயாளி படுத்திருந்ததும் உங்கள் அப்பா படுத்ததும் ஒரே மாதிரி மெஷினுக்குப் பக்கத்தில் என்பதால் அம்மாவுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

ஆகவே, அப்பாவின் துண்டில் இருக்கும் அக்கியூட் உங்கள் வீட்டுக்கு வந்த நல்ல சொல் என்றே நான் சொல்வேன்.

படுவான்கரைப் பையன் · புதன், காலை 6.20

அக்கா, தங்கச்சி, சேர், எல்லோருக்கும் நன்றி. இரவே அம்மாவை எழுப்பிச் சொன்னேன். காணி பார்க்க வரவிருந்தவருக்கும் பெரியப்பாவைக் கொண்டே தொலைபேசி எடுக்கச் செய்தேன். பெரியப்பாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

இப்போது வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அக்கியூட் என்றால் குறுகிய கால நோய், வந்த வேகத்தில் போய்விடும் என்று விளங்கிக்கொண்டோம். அப்பா அடுத்த கிழமை வட்டைக்குப் போகப் பார்க்கிறார். உடம்பு உழைவுக்கு ஒரு குளிசை வாங்கித் தரச் சொல்கிறார். கிளினிக்குக்குப் போய்வர வான் காசு வீண், நன்றாக இருக்கும் ஆளை ஏன் வரிசையில் நிறுத்துவான் என்று பெரியப்பா கேட்கிறார். அதுவும் நியாயமாகத்தான் தெரிகிறது.

வாவிக்காற்று · காலை 6.41

மகன், நான் அப்படிச் சொல்லவே இல்லை! நேற்று ஒரு பக்கம் விழுந்தீர்கள், இன்று மறுபக்கம் விழுகிறீர்கள்.

'குறுகிய காலத்தில் வந்தது' என்றால் வந்த வேகத்தைச் சொல்கிறார்கள். போகும் வேகத்துக்கு யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. சிலருக்கு முழுக்கச் சுகமாகும். சிலருக்குப் பாதி வழியில் நின்றுவிடும், ஆளுக்கு ஒன்றும் தெரியாது, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு திரிவார். இரத்தத்தில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, எவ்வளவு என்று பார்த்தால்தான் தெரியும். மூன்று மாதம் கடந்தும் சிறுநீரகம் பழைய நிலைக்கு வராவிட்டால் அப்போது பெயரே மாறிவிடும், குரோனிக் என்று எழுதுவார்கள். அதனால்தான் மூன்றாம் மாதம் மறுபடி பார்க்க வேண்டும் என்பது. இரண்டு கிழமை கிளினிக் அதற்கு முதற்படி. வான் காசு வீண் என்ற கதையை விடுங்கள்.

உடம்பு உழைவுக்கு டொக்டரைக் கேட்காமல் பார்மசியில் நோவுக் குளிசை வாங்கிக் கொடுக்கவே வேண்டாம். டைக்ளோஃபெனாக் வகைக் குளிசைகள் இப்படியான சிறுநீரகத்தை மறுபடி விழுத்திவிடும்.

சொல்லை மாற்றி விளங்கியதால் வந்த வினை எங்கள் வீட்டிலும் உண்டு. என் மாமா ஒருவரின் கொப்பியில் குரோனிக் என்று எழுதியிருந்தது. யாரோ அவருக்கு 'பழைய நோய்' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பழையதுதானே, பழகிவிட்டது, இனி என்ன செய்யும் என்று கிளினிக்கை விட்டுவிட்டார். நான் அப்போது வேறு மாவட்டத்தில் வேலை. இரண்டு வருடம் கழித்துக் கால் வீங்கி, மூச்சு வாங்க, நள்ளிரவில் கொண்டுவந்தார்கள். அந்தத் துண்டில் எழுதியது 'அக்கியூட் ஓன் குரோனிக்'.

சாய்ந்தமருது காக்கா · காலை 7.15

அது என்ன, இரண்டும் ஒன்றாக? கிழக்கும் மேற்கும் ஒரே வரியில்?

கூத்துக்காரன் · காலை 8.30

இரவு நித்திரை வராமல் வாசித்துக்கொண்டிருந்தேன். தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன், ஆகையால் கொஞ்சம் நீளமாகப் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காக்காவின் கேள்விக்கு வாவியைப் பார்த்தாலே விடை இருக்கிறது. வாவியோரக் காணிகளில் வருடா வருடம் உவர் ஏறி விளைச்சல் குறைந்துகொண்டே வரும். அது குரோனிக். 1978 நவம்பர் 23 இரவு வந்த சூறாவளி அக்கியூட். உவர் ஏறிய காணிக்கு மேல் சூறாவளியும் அடித்தால் அக்கியூட் ஓன் குரோனிக். ஆனால் கவனியுங்கள், கச்சான் காற்றுக் காலத்தில் வெயிலுக்குள் கால்மணி நேரம் பெய்துவிட்டு ஓடும் மழையும் அக்கியூட்தான். 78ஐ நினைத்துக்கொண்டு ஒவ்வொரு மழைக்கும் கூரையைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. ஒரு மழையையும் நம்பி வீட்டைத் திறந்து போடவும் கூடாது.

இனி என் துறைக்கு வருகிறேன். 'கடுமையான' என்ற மொழிபெயர்ப்பைத் திட்டுகிறீர்கள். அதற்காக ஒரு வார்த்தை பேச வேண்டும். தமிழில் 'கடு' என்ற வேர் வெறும் கொடுமையை மட்டும் சொல்வதில்லை. கடுகுதல் என்றால் விரைதல். கடுகி வந்தான் என்றால் வேகமாக வந்தான். கடுநடை என்றால் வேக நடை. தொல்காப்பிய உரியியலில் 'கடி' என்ற உரிச்சொல்லுக்குப் பத்துப் பொருள் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தப் பத்தில் கூர்மை இருக்கிறது, புதுமை இருக்கிறது, விரைவு இருக்கிறது, மிகுதி இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. அக்கியூட் கிட்னி இஞ்சரியை ஒரு புலவரிடம் கொடுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'கடி' என்று எழுதியிருப்பார்! கூராக, புதிதாக, விரைவாக வந்தது. தம்பியின் வீட்டார் அந்தப் பத்தில் மிகுதியையும் அச்சத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இன்றைய தமிழில் கடுமை என்ற சொல்லில் விரைவு செத்துப்போய்க் கொடுமை மட்டும் மிஞ்சியிருப்பதுதான் சிக்கல்.

மருத்துவத்தைத் தமிழில் சொல்லும் முயற்சி இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். நம் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்றவர். அப்படியிருந்தும் 21ஆம் நூற்றாண்டில் ஒரு விவசாயக் குடும்பம் கைபேசி அகராதியை நம்பிக் காணியை ஈடு வைக்கப் பார்க்கிறது.

எதிர்க்காற்று · காலை 8.52

தொல்காப்பியர் வரைக்கும் போய்விட்டீர்கள் மாஸ்டர். சரி, என் பக்கப் பிழையை ஒத்துக்கொள்கிறேன். தம்பி, கொழும்புக்குப் போகச் சொன்னது அவசரப் புத்தி.

ஆனால் டொக்டர்மாரின் சொல்லுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டாமா? குறுகிய காலம், நீண்ட காலம் என்றால் எத்தனை நாள்? சிறுநீரகத்துக்கு மூன்று மாதம் என்கிறார் அக்கா. எல்லாவற்றுக்கும் அதே மூன்று மாதமா?

மூன்றாம் வருடக்காரி · நண்பகல் 12.40

இல்லை ஐயா, உறுப்புக்கு உறுப்பு மாறும். வளர்ந்தவர்களின் இருமல் மூன்று கிழமைக்குள் என்றால் அக்கியூட், எட்டுக் கிழமை தாண்டினால் குரோனிக், நடுவில் இருப்பதற்குச் சப்அக்கியூட் என்று ஒரு திரிசங்குப் பெயர். வயிற்றோட்டம் 14 நாளுக்குள் அக்கியூட். முதுகுநோ 12 கிழமை தாண்டினால் குரோனிக். ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமி ஆறு மாதம் கடந்தும் இரத்தத்தில் இருந்தால் குரோனிக். சிறுநீரகத்தில் அக்கியூட் என்று பெயர் வைப்பதற்கே ஒரு கணக்கு இருக்கிறது: 48 மணித்தியாலத்துக்குள் கிரியேட்டினின் 0.3 மில்லிகிராம் ஏற வேண்டும், அல்லது ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்காக வேண்டும். கணக்கு சேருக்கு இது பிடிக்கும்.

எல்லாவற்றையும் நாட்காட்டியால் அளக்கவும் முடியாது. இரத்தப் புற்றுநோயில் அக்கியூட், குரோனிக் என்று இரண்டு வகை உண்டு. சிகிச்சை இல்லாத காலத்தில், கிழமைக் கணக்கில் ஆளைக் கொண்டுபோனது அக்கியூட், வருடக் கணக்கில் இழுத்தது குரோனிக். இன்று அந்தப் பிரிப்பைச் செய்வது முக்கியமாக நுணுக்குக்காட்டியில் கலங்களைப் பார்த்துத்தான், முதிராத கலங்கள் பெருகியிருந்தால் அக்கியூட். அதற்கு இரண்டு, மூன்று வருடம் சிகிச்சை நடந்தாலும் பெயர் அக்கியூட்டாகவே இருக்கும். ஆகவே 'குறுங்கால' என்று தமிழாக்கினால் அங்கே இடிக்கும்.

களுவாஞ்சிக் கணக்கு · பிற்பகல் 1.05

0.3 பிடித்திருக்கிறது. சாய்வு விகிதம்! நேற்றுக் கீறிய வரைபு வீண்போகவில்லை.

மட்டுநகர் லண்டன் · பிற்பகல் 3.18

இங்கே ஆஸ்பத்திரிகளில் தமிழ் ஆட்களுக்கு மொழிபெயர்க்கப் போகிறவன் நான். ஆங்கிலம் பேசிப் பிறந்தவர்களும் இதில் வழுக்கி விழுவதைக் கண்டிருக்கிறேன். பிரித்தானியப் பேச்சுவழக்கில் குரோனிக் என்றால் 'மகா மோசம்' என்று ஒரு பொருள் இருக்கிறது. சாப்பாடு மோசம் என்றாலும் குரோனிக், காலநிலை மோசம் என்றாலும் குரோனிக். கிரேக்கத்தில் அதற்கு வேர் குரோனோஸ், அதாவது காலம். காலத்தைக் குறித்த சொல் தெருவுக்கு வந்து கடுமையைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. அக்கியூட்டுக்கு நடந்ததும் அதுதானே?

நான் ஒரு சொல்லோடு நிற்பதில்லை. 'சில நாட்களுக்குள் திடீரென்று வந்த பாதிப்பு' என்று முழுதாகச் சொல்லிவிடுவேன். நேரம் பத்து வினாடி அதிகம் போகும்.

கூத்துக்காரன் · பிற்பகல் 4.02

'திடீர்' எனக்குப் பிடிக்கவில்லை. திடீரென்று என்றால் கண் இமைப்பதற்குள் நடந்ததுபோல் இருக்கிறது. குடல்வால் அழற்சி ஒரு பகல், ஓர் இரவு நோக்காட்டோடு முற்றுகிறது, அதுவும் அக்கியூட்தானே. 'உடனடி' என்று சில பிரசுரங்களில் பார்க்கிறேன், அது தேநீர்த் தூளுக்குத்தான் பொருந்தும். 'கடிய' என்று எழுதினால் பழசு என்பார்கள். எனக்கு அது போதும்.

மட்டுநகர் லண்டன் · பிற்பகல் 4.10

ஐயா, 'கடிய சிறுநீரகப் பாதிப்பு' என்று நான் இங்கே சொன்னால், கடித்தது நாயா பாம்பா என்று கேட்பார்கள்.

எதிர்க்காற்று · மாலை 5.44

சொல்லை நீங்கள் இருவரும் சண்டை பிடித்து முடிவு செய்யுங்கள். என் ஆத்திரம் வேறு. 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. துண்டு இன்னும் ஆங்கிலத்தில் வருகிறது. சிங்களக் கிராமத்து ஆட்களுக்கும் அதே ஆங்கிலத் துண்டுதான், அதையும் சொல்ல வேண்டும். டொக்டருக்கு டொக்டர் எழுதும் கடிதத்தை நோயாளியின் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். கீழே ஒரு வரி, ஒரேயொரு வரி, வீட்டுக்காரருக்கு விளங்கும் மொழியில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

வாவிக்காற்று · மாலை 6.20

குறையாது. ஆனால் 40 கட்டில் வாட்டில் 70 பேரை வைத்துக்கொண்டு நின்றவளாக எனக்கு அந்த டொக்டர் மேல் முழுக் கோபமும் வரவில்லை. துண்டு வெட்டும் நேரத்தில் கேட்க மறந்தால், வெளியே போகமுன் மிஸ்ஸியிடம், அதாவது தாதியிடம், துண்டை நீட்டி, இது இப்போது வந்ததா, கனகாலமாக இருந்ததா, இன்னும் எவ்வளவு காலம் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போங்கள். நான் இருந்த காலத்தில் கேட்டவர்களுக்குச் சொல்லாமல் விட்டதில்லை. சிலருக்கு ஏசிக்கொண்டு சொல்லியிருப்பேன்.

படுவான்கரைப் பையன் · பதினொரு நாள் கழித்து, இரவு 8.35

கிளினிக்குக்குப் போய்வந்தோம். துண்டு வெட்டிய அன்று கிரியேட்டினின் 2.9. இன்று 1.5. இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டுமாம். மாதம் ஒரு தடவை இரத்தம் பார்த்து, மூன்றாம் மாதம் மறுபடி முழுதாகப் பார்ப்பார்களாம். அக்கா சொன்ன அதே கணக்கு.

இந்த முறை இருந்த டொக்டரிடம், அக்கியூட் என்றால் கடுமை என்று நினைத்துக் காணியை ஈடு வைக்கப் போனோம் என்று சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கொப்பியின் ஓரத்தில் தமிழில் 'அண்மையில் வந்தது, தேறி வருகிறது' என்று எழுதித் தந்தார். அம்மா அந்தப் பக்கத்தை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

அப்பா வட்டைக்குப் போகக் கேட்டார். இன்னும் இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் சப்பாத்து இல்லாமல் சேற்றில் இறங்கக் கூடாது, போகத் தொடக்கத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, கிழமைக்கு ஒரு தடவை போடும் டொக்சிசைக்கிளின் எடுக்க வேண்டும் என்றார்கள். சப்பாத்துப் போட்டால் சேறு காலைப் பிடித்து இழுக்கும், வரம்பில் நடக்க வராது என்று அப்பா இப்போதே முறைப்பாடு சொல்லத் தொடங்கிவிட்டார். வேறு யாராவது சப்பாத்தோடு வயல் வேலை செய்கிறீர்களா? எந்த வகை நல்லது, எங்கே வாங்கலாம்?

சாய்ந்தமருது காக்கா · இரவு 8.50

முழங்கால் வரை வருவதை வாங்காதீர்கள் தம்பி, அதற்குள் தண்ணீர் நிறைந்தால் தூக்க முடியாது. மச்சான் ஒருவர் அக்கரைப்பற்றில் வேளாண்மை செய்கிறார், அவரிடம் கேட்டுவிட்டு நாளை எழுதுகிறேன். அப்பாவுக்கு என் சலாமைச் சொல்லுங்கள்.